அசல் என்று சொல்வது யார்?



ராக் இசையில் ஒரு பாடகரைப் புகழ 'அசலானவர்' என்பார்கள். வேஷமில்லாதவர், பட்டதைப் பாடுகிறவர் என்று பொருள். நல்ல சொல்தான். ஆனால் எது அசல் என்று தீர்ப்புச் சொல்பவர் யார் என்று நாம் கேட்டாக வேண்டும்.

ராக்கின் முக்கியமான வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ். அந்த மண்ணின் பெரும் பாடகர் லெட் பெல்லி, 1934இல் லூசியானாவின் அங்கோலா சிறையிலிருந்து விடுதலையானவர். நல்ல சூட் அணிந்து பாடவே விரும்பினார். அவரை நியூயார்க்குக்கு அழைத்துச் சென்ற வெள்ளையர், நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமக்ஸ். 1935இல் வந்த செய்திப்படத்தில் லெட் பெல்லி தோன்றியது சிறை உடையில். சூட் போட்டால் பாட்டு மாறிவிடாது. பார்க்க வந்தவர்களுக்குக் கைதிதான் தேவைப்பட்டான்.

மடி வாட்டர்ஸ் 1943இல் மிசிசிப்பியின் பருத்திக்காட்டை விட்டுச் சிகாகோ போனார். மதுக்கூட இரைச்சலில் சாதாரண கிதார் எடுபடவில்லை; மின் கிதாரை எடுத்தார். 1958இல் அதை இங்கிலாந்தில் வாசித்தபோது, இது உண்மையான ப்ளூஸ் இல்லையென்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர் விட்டு வந்த காட்டிலேயே அவர் பாட்டு நிற்க வேண்டுமாம்!

வில்லி டிக்ஸன் எழுதி, 1962இல் மடி வாட்டர்ஸ் பாடிய பாட்டின் சாயல் 1969இல் லெட் செப்பலின் குழுவின் புகழ்பெற்ற பாட்டொன்றில் வந்தது. டிக்ஸன் பெயர் வரவில்லை. 1985இல் வழக்குப் போட்டார், 1987இல் சமரசமானது. பிறகே பெயர் சேர்ந்தது.

இந்தக் கதை நமக்கு அந்நியமல்ல. 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் ராக் கிதாரோடு சேர்த்தது. பறையைத் தொன்மை மாறாமல் கேட்க ஆசைப்படுகிறவர்களிடம் ஒரு கேள்வி: அடிப்பவரின் கூலியும் அவர் நிற்கும் இடமும்கூட மாறாமல் இருக்க வேண்டுமா?

காயத்தைத் திறந்து காட்டித்தான் அசலென்று நிரூபிக்க வேண்டிய கடன் எந்தக் கலைஞருக்கும் இல்லை. என்ன உடுப்பது, எந்தக் கருவியை எடுப்பது, எதைப் பாடாமல் விடுவது என்பதைப் பாடுகிறவரே முடிவு செய்ய வேண்டும். பாட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். அதன் வருமானம் அவர் வீடு சேர வேண்டும். நமக்கு அசல் என்பது இதுதான். கலைஞர்களை நம் மேடைக்கு அழைக்கும்போதும் இந்த அளவுகோலை முதலில் நம்மீதே வைத்துப் பார்ப்போம்.

ஜெய்பீம்.