மொட்டை மாடி ஓடுகள்: மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

(மழைக்காலத்துக்கு முந்தைய சங்கக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் மொட்டை மாடித் தட்டோடு விஷயம் பாதியில் நின்றுவிட்டது. மேல் மாடிக்காரர்கள் எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். கீழ்த்தளத்தில் சிலர், "ஓடு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குச் செலவு?" என்கிறார்கள். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையின்போது படுக்கையறையில் பக்கெட் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்தவர்கள் இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஒழுகுவது மட்டும் அவர்கள் பங்கு என்று விட முடியாது.

நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் செலவு எந்தத் தலைப்பில் வருகிறது என்று பார்த்துப் பழகிய கண்ணோடுதான் இதையும் பார்க்கிறேன்.

அன்று ஒரு நண்பர், "எங்கள் தாத்தா வீட்டு ஓட்டை இறக்கி, கழுவி, திரும்ப ஏற்றினோம், இதையும் அப்படிச் செய்யலாமே" என்றார். அவர் சொன்னது மங்களூர் ஓடு. சன்னதி தெருப் பக்கம் பழைய வீடு இடிக்கும்போது பார்த்திருப்பீர்கள், பின்பக்கம் கம்பெனி பெயரோடு 1865 என்று அச்சு இருக்கும். அது ஓடு செய்த வருஷம் என்று நினைத்து ஆச்சரியப்படுவோர் உண்டு. பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வருஷம் அது. லெட்டர்ஹெட்டில் கம்பெனி தொடங்கிய வருஷம் போடுவதில்லையா, அந்த மாதிரி.

மங்களூர் ஓடு ரீப்பர் கட்டையில் சும்மா மாட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் கலவை கிடையாது. கையால் தூக்கினால் வந்துவிடும். உளுத்துப்போவது பெரும்பாலும் ரீப்பர்தான். அதை மாற்றிவிட்டு அதே ஓட்டை மாட்டலாம். இங்கிலாந்தில் கல்பலகை வேய்ந்த பழைய கூரைகளிலும் இதே கதை. வேல்ஸ் மலையில் வெட்டிய பலகை நூறு வருஷம் தாண்டியும் நிற்கும், அதைப் பிடித்திருக்கும் இரும்பு ஆணி முதலில் துருப்பிடித்துவிடும். பலகைகளை இறக்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் திரும்பக் கூரைக்குப் போகும், மந்தமாகக் கேட்டால் கழிவுக்கு. நம் ஊரில் பானை வாங்குகிறவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்?

நம் மாடி வேறு ரகம். கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த படுகை. அதன் மேல் சிமெண்ட் கலவையில் பதித்த தட்டோடு. ஓட்டுக்கும் படுகைக்கும் கல்யாணமே ஆகிவிட்டது. படுகை நன்றாக இருக்கும் இடத்தில் ஓட்டைப் பெயர்த்தால் உடைந்துதான் வரும். முழுசாகக் கையோடு வருகிறதென்றால் அடியில் பிடிப்பே போய்விட்டது என்று அர்த்தம். ஆகவே "எல்லாவற்றையும் பெயர்த்து, பழைய ஓட்டையே திரும்பப் போடுங்கள்" என்பது கேட்க நியாயமாக இருக்கும், கணக்கில் நிற்காது. பெயர்க்கும் கூலி, கழிவு இறக்கும் கூலி, உடைந்ததற்கு ஈடு, எல்லாம் கொடுத்தபின் மிச்சப்படுவது கொஞ்சம் ஓட்டு விலைதான்.

பார்க்க வேண்டியது ஓட்டை அல்ல, அதன் அடியை. மரக்கைப்பிடியால் தட்டினால் பிடிப்பு விட்ட இடம் டொக்கு டொக்கென்று கேட்கும். கைப்பிடிச் சுவர் ஓரம், மழைநீர்க் குழாய் வாய், தண்ணீர்த் தொட்டிக் கால்கள், இந்த மூன்று இடங்களிலும் கூடுதலாகத் தட்டுங்கள். கெட்டியாகக் கேட்கும் பகுதியில் ஓடு அப்படியே இருக்கட்டும். சந்துக் கலவையை மட்டும் கீறி எடுத்து, வாட்டர்புரூஃப் சேர்த்த கலவையால் அடைத்தால் போதும். டொக்கு அடிக்கும் பகுதியில் ஓட்டோடு படுகையையும் எடுத்து, வாட்டம் பார்த்துப் புதிதாகப் போட வேண்டும். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். பழைய ஓடும் புது ஓடும் ஒரே கனம் இருக்காது. கலந்து பதித்தால் மேடு பள்ளமாகித் தண்ணீர் தேங்கும். முழுசாக வந்த பழைய ஓட்டைச் செடித்தொட்டி அடியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்பது அங்குலச் சதுர ஓடு என்றால் 100 சதுர அடிக்குச் சுமார் 178 ஓடு. இந்தக் கணக்கு நம் கையில் இருந்தால் கொட்டேஷனைச் சரிபார்ப்பது சுலபம். இப்போது வந்திருக்கும் கொட்டேஷன் மொத்த மாடிக்கும் ஒரே தொகை. சந்து அடைப்பதற்குத் தனி ரேட், பெயர்த்துப் போடுவதற்குத் தனி ரேட் என்று பிரித்து வாங்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அளவு நாம் எடுத்துக் கொடுப்போம், மேஸ்திரி சொல்லும் அளவுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன் கலவை தண்ணீர் குடித்து இறுகுவதற்கு நாள் வேண்டும். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு, வெயில் ஏறுமுன், மாடிக்கு வாருங்கள். டொக்கு கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு அளந்துவிடலாம். கீழ்த்தளத்துக்காரர்கள் கண்டிப்பாக வர வேண்டும். சாக்பீஸும் டேப்பும் நான் கொண்டுவருகிறேன்.