'டிமோட்டிவேட்டட்': சோம்பலா, இழப்பா?

 

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நிறைவுற்றதும், உயர்தரம் கற்கும் தம் மகனை ஒரு தகப்பனார் என்னிடம் அழைத்து வந்தார். "பிள்ளை சோம்பேறியாகிவிட்டான் மௌலவி, புத்தகத்தைத் தொடுவதே இல்லை" என்றார். மகனோ தலை குனிந்தவாறு, "சோம்பல் இல்லை மௌலவி, டிமோட்டிவேட்டட்" என்றான். தகப்பனாருக்குச் சினம் மூண்டது. சோம்பலுக்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டம் சூட்டுகிறான் என்றே அவர் கருதினார்.

அவ்விரண்டும் ஒன்றல்ல. 'மோட்டிவ்' என்பது, நகர்த்துதல் எனும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். நம்மைச் செயலுக்கு நகர்த்தும் தூண்டுதல் அது. அதன் முன்னே 'டி' சேரும்போது, இருந்ததொன்று அகற்றப்பட்டது எனும் பொருள் பிறக்கிறது. உறைந்த இறைச்சியின் பனியை நீக்குவதை 'டிஃப்ரொஸ்ட்' என்கிறோமல்லவா, அதைப் போல. ஆர்வமே இல்லாதவன் 'அன்மோட்டிவேட்டட்'. ஆர்வம் இருந்து அதனை இழந்தவனே 'டிமோட்டிவேட்டட்'.

இளைஞர்களே, 'ஐ ஆம் டிமோட்டிவேட்டிங்' என்று கூறிவிடாதீர்கள். 'நான் பிறரைச் சோர்வடையச் செய்கிறேன்' என்றாகிவிடும்! சோர்வூட்டும் பேச்சு 'டிமோட்டிவேட்டிங்'. அதனால் சோர்ந்த மாணவன் 'டிமோட்டிவேட்டட்'. 'ஐ ஃபீல் டிமோட்டிவேட்டட்' என்பதே சரி.

அரபியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடிய பிரார்த்தனையில் 'அஜ்ஸ்' எனும் இயலாமையும் 'கஸல்' எனும் சோம்பலும் தனித்தனியே இடம்பெறுகின்றன. வேகத்தின் பின் வரும் தளர்வுக்கோ 'ஃபுதூர்' என்று வேறொரு சொல். நம் ஆங்கிலச் சொல்லுக்கு அணுக்கமானது இதுவே. எனினும் ஆங்கிலச் சொல் ஒரு வினாவையும் உடன் கொண்டு வருகிறது: அகற்றியது எது?

அவ்வினாவையே அப்பிள்ளையிடம் கேட்டேன். நெடுநேரம் மௌனமாயிருந்தான். சாதாரண தரப் பெறுபேறு வந்த நாளில், கணிதத்தில் தான் பெற்ற 'பி' சித்தியை, உறவினர் கூடியிருந்த வீட்டில், சாச்சாவின் மகனுடைய 'ஏ' சித்தியோடு ஒப்பிட்டு வாப்பா நகைத்ததைப் பின்னர் சொன்னான். அதுவரை சுபஹ் தொழுத கையோடு தினமும் புத்தகத்தைத் திறந்தவனாம். (அந்நேரத்து உறக்கத்தை வெல்வது எத்துணைக் கடினம் என்பதை அரபுக் கல்லூரி விடுதியில் இருந்தவர்கள் அறிவோம்.)

"அதை நான் விளையாட்டாகத்தானே சொன்னேன்" என்றார் தகப்பனார். மகன் பதிலளிக்கவில்லை. இருவரையும் பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் அமரச் செய்துவிட்டு நான் உள்ளே சென்றேன். அஸருக்கு அதான் ஒலித்தபோதும் அவர்கள் அங்கேயே பேசிக்கொண்டிருந்தனர்.