பெயர் கிடைத்துவிட்டது, ஆள் கிடைத்தாரா?

(ஜனவரி 26 அன்று நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் குடியரசு தின விழாவில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காகச் செய்திமடல் குழுவினர் எழுதித் தரச் சொன்னதால், கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)



செயலாளர் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் போனால் டிபன் ஆறிவிடும் என்று எச்சரிக்கையும் செய்திருக்கிறார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் படிவம் வந்தபோது, நாம் எல்லோரும் செல்போனும் கையுமாக உட்கார்ந்து பழைய பட்டியலில் நம் பெயரையும் அப்பா அம்மா பெயரையும் தேடினோம், நினைவிருக்கிறதா? கீழே கம்யூனிட்டி ஹாலில் சிலருக்கு நானும் தேடிக் கொடுத்தேன். ஒரு நண்பருக்கு அவர் அப்பாவின் பெயர் முதலில் வரவில்லை. இனிஷியலை எடுத்துவிட்டுத் தேடியதும் வந்தது. வேலை முடிந்த பிறகும் அவர் போனை மூடவில்லை. அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பா இறந்து பதினைந்து வருஷம் ஆகிறது.

அந்த ஒரு வரிக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது என்றால், அப்படிப் பெயரைப் போட்டுத் தேடக்கூடிய பழைய ஆவணங்கள் இன்னும் எவ்வளவோ கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. அவற்றில் என்னென்ன கிடைக்கும், எங்கே ஏமாந்து போவோம் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் சரித்திரம் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் 37 வருஷம் கிளார்க்காக இருந்தவன். ஆனால் பெயர்க் குழப்பம் எனக்குப் பழகிய விஷயம். பாஸ்புக்கில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயர் என்று வருபவர்களைத் தினமும் பார்த்தவன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரைத் தேடிப் பார்ப்போம். வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1872இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர், கப்பலோட்டிய தமிழர். நமக்குத் தெரிந்தது செக்கிழுத்த படம். தேடினால் வருவது வேறு வேறு வ.உ.சி.க்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவர் ஒரு எழுத்தாளர். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் புத்தகத்தை 'மனம் போல வாழ்வு' என்று மொழிபெயர்த்திருக்கிறார், திருக்குறளுக்கு உரை எழுதியிருக்கிறார், தொல்காப்பியத்தைப் பதிப்பித்திருக்கிறார். சட்ட அறிக்கைத் தொகுப்புகளில் அவர் ஒரு மேல்முறையீட்டு மனுதாரர். 1908இல் திருநெல்வேலியில் விதித்த தண்டனையை எதிர்த்து ஹைகோர்ட் போன வழக்கு அது. அங்கே உணர்ச்சி எதுவும் இல்லை, சட்டப் பிரிவு எண்கள்தான். வணிகம் படித்த என் கண்ணுக்குப் பட்டது சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. 1906இல் பதிவு, மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். சாதாரண ஆட்களும் வாங்கட்டும் என்றுதான் 25 ரூபாய் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 1972இல் வந்த தபால்தலையும் தேடலில் வருகிறது.

இன்னொன்று வந்தது, அதில்தான் நான் அரை நாள் உட்கார்ந்துவிட்டேன். வ.உ.சி. சிறையில் இருந்தபோது அவருக்காகத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டி, காந்தியிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் பற்றி 1915, 1916 ஆண்டுகளில் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்திருக்கிறது. கடைசியில் வந்து சேர்ந்த தொகை 347 ரூபாய் 12 அணா. ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். கம்பெனி முதலாளியாக இருந்தவர் விடுதலையான பிறகு, 347 ரூபாய்க்குக் கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டிய நிலையில் இருந்தார் என்பது எந்தச் சிலையையும் பார்த்தால் தெரியாது.

ஒரே மனிதர். நூலகத்தில் எழுத்தாளர், கோர்ட்டில் குற்றவாளி, கம்பெனிப் பதிவில் தொழிலதிபர், கடிதத்தில் கஷ்டப்படும் குடும்பஸ்தர். ஒவ்வொரு ஆவணமும் அதை எழுதியவருக்கு என்ன தேவையோ அதை மட்டும்தான் எழுதி வைக்கிறது. வங்கி லெட்ஜரில் ஒருவரின் பாக்கித் தொகை இருக்கும், அவர் நல்லவரா என்பது இருக்காது. அதே மாதிரிதான்.

சரி, குப்பையும் வரும். 'சிதம்பரம்' என்று மட்டும் போட்டால் நடராஜர் கோயில் வரும், முன்னாள் நிதி அமைச்சர் வருவார். சுருக்கமாக ஆங்கிலத்தில் 'வி.ஓ.சி.' என்று போட்டால் முதலில் வருவது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி! அவர்கள் மொழியில் அதன் சுருக்கப் பெயரும் அதே மூன்று எழுத்துதான். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனி தூத்துக்குடியை 1658இல் பிடித்து நெடுங்காலம் வைத்திருந்தது. ஆக ஊரும் பொருந்துகிறது! அடுத்து வருவது நம் கட்டடத்துக்குப் போன வருஷம் அடித்த பெயிண்ட். டப்பாவில் 'லோ வி.ஓ.சி.' என்று போட்டிருந்ததே, அதுதான்.

பெரிய மனிதர்கள் விஷயத்தில் இது சிரிப்போடு போகும். நம் வீட்டு ஆட்களைத் தேடும்போதுதான் பிரச்சினை.

சாதாரண ஆட்களின் பெயரும் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்கும். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அதில் பெரும் பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். கப்பல் வாரியாக அவர்கள் பட்டியல் இருக்கிறது, பெயரைப் போட்டுத் தேடலாம். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களைத் தேடும்படி வைத்திருக்கிறது. அதில் 'தமிழ் முரசு'ம் உண்டு. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் நாட்டு வீரர்கள் சுமார் 17 லட்சம் பேரின் பெயர்கள், போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இருக்கின்றன. அதில் நம் மதறாஸ் மாகாணத்துப் பையன்கள் ஏராளம்.

இந்தக் கடைசித் தளத்தில்தான் நான் தப்புச் செய்தேன். அதைச் சொல்லத்தான் இன்று மேடை ஏறினேன்.

என் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போனவர். ஊர் தருமபுரிப் பக்கம். 1944இல் தந்தி வந்தது. என் அத்தைக்கு அப்போது பத்து வயது, இப்போது 91. தந்தியும் மற்ற காகிதங்களும் ஓட்டு வீட்டு ஒழுகலில் போய்விட்டன. எங்கே இறந்தார், என்றைக்கு இறந்தார், யாருக்கும் தெரியாது. தேதி தெரியாததால் அவருக்கென்று தனியாகத் திதி கிடையாது. ஆடி அமாவாசையில் எல்லோரோடும் சேர்த்து ஒரு இலை போடுவதோடு சரி. அத்தைக்கு அது பெரிய குறை.

போன வருஷம் சித்திரையில் அந்தத் தளத்தில் பெரியப்பாவின் பெயரைப் போட்டேன். முருகன் பெயர்களில் ஒன்று. ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதிப் பார்த்ததில் ஒரு வரி வந்தது. பெயர் சரி. சேலம் ஜில்லா என்று இருந்தது. தருமபுரி 1965 வரை சேலத்தில்தான் இருந்தது, ஆக அதுவும் சரி. வருஷம் 1944, மே மாதம். உடல் கிடைக்காதவர்களுக்காக ரங்கூன் பக்கத்தில் எழுப்பிய நினைவிடத்தில் பெயர் பொறித்திருக்கிறது. அங்கே இப்படிக் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். எனக்குக் கை நடுங்கியது. உடனே அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவர் அந்தத் தேதிக்குப் பஞ்சாங்கம் பார்த்து, வைகாசியில் திதி கொடுக்க ஏற்பாடு செய்து, உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியும் விட்டார்.

அத்தையிடம் கொடுப்பதற்காக அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தபோதுதான், கீழே இருந்த சின்ன வரியை ஒழுங்காகப் படித்தேன். இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்னாரின் கணவர் என்று இருந்தது. பெரியப்பாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அப்பா பெயரும் என் தாத்தா பெயர் இல்லை, ஊரும் வேறு. 37 வருஷம் ஸ்பெசிமன் கையெழுத்தை ஒத்துப் பார்த்துப் பணம் கொடுத்தவன், சொந்த வீட்டு விஷயத்தில் பெயரை மட்டும் பார்த்து 'பாஸ்' பண்ணிவிட்டேன்.

போனில் சொல்ல மனசு வரவில்லை. பஸ் பிடித்துப் போனேன். "அத்தை, தப்புப் பண்ணிட்டேங்க, அது நம்ம பெரியப்பா இல்லீங்க" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தப் பையனுக்கும் ஒரு பொண்டாட்டி வாசலைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பா இல்ல கண்ணு" என்றார். திதியை நிறுத்தவும் விடவில்லை. "யாரு பெத்த பிள்ளையோ, பேரு வந்திருச்சு, ஒரு இலை போடலாம்" என்று சொல்லிவிட்டார். போட்டோம்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது அத்தை தானாகச் சொன்னார்: "அந்தப் பேரு நாங்க வீட்ல கூப்பிட்டது கண்ணு. பள்ளிக்கூடத்துல அண்ணனுக்குப் பெருமாள் பேருதான்." இது என் அப்பா கூட எனக்குச் சொல்லாத விஷயம். நானும் கேட்டதில்லை.

அந்தப் பெயரில் தேட எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கிடைத்தது. அப்பா பெயர் தாத்தாவின் பெயரேதான். ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்த விதத்தில் கண்ணால் பார்த்தால் தெரியாது, வாய்விட்டுப் படித்தால் நம் ஊர். வயது 22. 1944 ஜூன். மனைவி பெயர் இல்லை. இடம், மணிப்பூரில் இம்பால். இந்து, சீக்கிய வீரர்களை அவரவர் முறைப்படி தகனம் செய்து, பெயர்களைப் பொறித்த நினைவிடம் அங்கே இருக்கிறது.

இந்த முறை போன் செய்யவில்லை, நேரில் போனேன். அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "அப்ப அநாதையா விடல. யாரோ கொள்ளி வெச்சிருக்காங்க" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

இதிலிருந்து நான் கற்றதை நாலு வரியில் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

ஒன்று, பெயர் மட்டும் போதாது. அப்பா பெயர், ஊர், வயது, இவற்றில் இரண்டாவது பொருந்தும் வரை யாரிடமும் சொல்லாதீர்கள். கேட்பாரற்ற டெபாசிட்டுகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய 'உத்கம்' தளம்கூடப் பெயரோடு நிற்பதில்லை. பான் எண்ணோ பிறந்த தேதியோ, இன்னொரு அடையாளம் கேட்கிறது.

இரண்டு, ஒரே பெயரைப் பல விதமாக எழுதிப் பாருங்கள். இனிஷியலோடு, இல்லாமல், சாதிப் பெயரோடு, இல்லாமல், 'ச'வுக்கு 'எஸ்', 'சி.எச்.' என்று மாற்றி. வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார். தமிழிலும் 1978க்கு முன் அச்சான புத்தகத்தில் 'லை', 'னை' எல்லாம் பழைய கொம்போடு இருக்கும். மெஷின் அதைத் தப்பாகப் படித்து வைத்திருந்தால் உங்கள் தேடலுக்கு அகப்படாது.

மூன்று, வரவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்கேன் செய்யாத கட்டுகள் இன்னும் அலமாரிகளில்தான் இருக்கின்றன.

நான்கு, இதுதான் முக்கியம். எனக்கு வழி காட்டியது எந்தத் தளமும் இல்லை, அத்தையின் ஞாபகம். அவர் இல்லையென்றால் நான் இன்றும் வேறொருவர் தேதியில் திதி கொடுத்துக்கொண்டிருப்பேன். உங்கள் வீட்டிலும் எண்பது தாண்டியவர் ஒருவர் இருப்பார். இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். தாத்தா, பாட்டி, அவர்களுடன் பிறந்தவர்கள், வீட்டில் கூப்பிட்ட பெயர், பள்ளிக்கூடப் பெயர், ஊர், அந்தக் காலத்து ஜில்லா, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். தேடுவதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். கேட்பதைத் தள்ளிப்போட முடியாது.

எழுதி முடித்தவர்கள் நோட்டோடு ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். நான் இருப்பேன், சேர்ந்து தேடுவோம். கிடைத்ததும் போனை எடுத்து யாருக்கும் சொல்ல மட்டும் விடமாட்டேன்!