மீஞ்சூர் மொட்டைமாடியில் தக்காளி: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டதால் இங்கே தருகிறோம்.)



இன்று தக்காளி பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். போன மழையில் மேல்தளத்தில் இரண்டு வீடுகளில் கூரை ஒழுகியது. மொட்டைமாடியில் தொட்டியே வைக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. செடி வளர்ப்பவர்களுக்கு அது வருத்தம். ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு தூங்கியவர்களின் வருத்தமும் நியாயமானதுதான். அதனால் செடியை எப்படி வளர்ப்பது என்பதோடு, மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் எப்படி வளர்ப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் விவசாயம் படித்தவன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஆகவே கணக்கில் இருந்தே தொடங்குகிறேன்.

லாபமா நஷ்டமா?

சென்ற பருவத்தில் 8 பைகளில் தக்காளி வைத்தேன். பைகள் 320 ரூபாய், தென்னை நார்க்கழிவுக் கட்டி 300, மண்புழு உரம் 300, விதை 60, வேப்பெண்ணெய் 150, மஞ்சள் ஒட்டு அட்டை 80, நிழல்வலை, குச்சி, கயிறு எல்லாம் சேர்த்து 450. மொத்தம் 1,660 ரூபாய். கிடைத்தது 16 கிலோ 400 கிராம். அப்போது நம் கடைத்தெருவில் கிலோ 25 ரூபாய். அதாவது வரவு 410 ரூபாய். பைக்கும் வலைக்கும் மூன்று வருடத் தேய்மானம் எழுதிப் பார்த்தாலும் நஷ்டம்தான்.

"விலை ஏறும்போது உதவுமே" என்று சிலர் சொல்வார்கள். 2023 ஜூலையை நினைத்துப் பாருங்கள். கிலோ 100 ரூபாயைத் தாண்டியது, அரசே சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதத்தில் நம் மாடியில் யாரிடம் தக்காளி இருந்தது? வெயிலில் நம் செடியும் காய்க்கவில்லை. ஆகவே பணத்துக்காக இதில் இறங்க வேண்டாம். மருந்து படாத பழம் வேண்டும், வீணாகும் தண்ணீர் பயன்பட வேண்டும், காலையில் அரை மணி நேரம் மாடிக்குப் போய்வர ஒரு காரணம் வேண்டும் என்பவர்கள் வாருங்கள்.

மீஞ்சூரின் முதல் எதிரி உப்பு

மாடித்தோட்டம் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "பூச்சிக்கு என்ன அடிப்பது?" நம் ஊரில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?"

மீஞ்சூர் நிலத்தடி நீரின் கதை இங்கே பழையவர்களுக்குத் தெரியும். 1960-களில் இந்தப் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டுச் சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். நல்ல நீரை இறைக்க இறைக்க, கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்தது. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987-இல் சட்டமே வந்தது. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கினார்கள். அதற்கும் மீஞ்சூர் பெயர்தான்.

தக்காளி உப்பை ஓரளவுதான் தாங்கும். ஆர்.ஓ. இயந்திரம் பழுதுபார்க்க வருபவரிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். நம் போர்வெல் தண்ணீரை ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள். 1,000-க்குள் இருந்தால் தக்காளிக்குப் பரவாயில்லை. அதற்கு மேலே போகப் போக விளைச்சல் குறையும். இலை ஓரம் கருகுவதும், பையின் விளிம்பில் வெள்ளையாகப் படிவதும் உப்பின் அடையாளம். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து வாங்குகிறார்கள்.

காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதையும் புழு என்று நினைக்கிறார்கள். அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றினால் வரும். தண்ணீரில் உப்பு அதிகமானாலும் வரும். இதற்கு மருந்து கிடையாது. தினமும் காலையும் மாலையும் அளவாக ஊற்றுவதும், பையின் மேல் காய்ந்த இலையைப் பரப்பி ஈரம் காப்பதும்தான் வழி.

தண்ணீருக்கு என்ன செய்யலாம்?

ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்ற நல்ல எண்ணத்தில்தான் ஊற்றுகிறோம். ஆனால் வடிகட்டிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அது வாசல் கழுவ ஆகும், செடிக்கு ஆகாது.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. ஒரு வாளி வைத்துப் பிடியுங்கள். அரிசி களைந்த நீரும் நல்லது. மழைநீரை டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் துணி கட்டி மூடி வையுங்கள். டெங்குக் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும்.

நல்ல நீர் போதவில்லையா? கலந்து ஊற்றுங்கள். போர்வெல் 1,800, மழைநீர் 100 என்றால், பாதிக்குப் பாதி கலந்தால் 950. சராசரிக் கணக்குதான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நல்ல நீரை மட்டும் பையின் அடியில் வழியும் அளவுக்கு ஊற்றினால், தங்கிய உப்பு கழுவிப் போகும்.

எந்த மாதம்?

தக்காளியின் தாய்நாடு தென் அமெரிக்க மலைப் பகுதி. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் புழுங்கினால் மகரந்தம் வீரியம் இழக்கும், பூ உதிரும். சித்திரை வெயிலில் பூ கொட்டினால் உரக்குறை என்று நினைக்க வேண்டாம். அது செடியின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை.

நமக்கு ஏற்ற கணக்கு இது. கார்த்திகை முதல் வாரத்தில் வீட்டுக்குள் ஜன்னலோரம் விதை போடுங்கள். 25 முதல் 30 நாள் நாற்றை மார்கழியில் பைக்கு மாற்றுங்கள். பொங்கலை ஒட்டிப் பூ வரும். மாசியில் பழம் வரும். பங்குனிவரை பறிக்கலாம். அதற்குப் பிறகு 50 சதவீத நிழல்வலை போட்டால் இன்னும் சில நாள் ஓட்டலாம், அவ்வளவுதான்.

ஐப்பசியிலேயே நட்டு மழையோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் மழை எப்படிப் பெய்தது என்று யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. நாற்று சிறிதாக ஜன்னலோரம் இருந்தால் புயலுக்குத் தப்பும்.

விதைக்கு இரண்டு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1. தேனிப் பக்கத்து அன்னஞ்சி உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கியது. இதன் விதையை நாமே எடுத்து வைக்கலாம். மற்றொன்று பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக். இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். ஆனால் இது வீரிய ஒட்டு ரகம், விதையை ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும்.

பூச்சிகள்

வெள்ளை ஈ: இதுதான் மோசமானது. கடிப்பதைவிட, இலைச்சுருட்டு வைரஸைப் பரப்புவதுதான் பெரிய கேடு. இலை மேல்நோக்கிச் சுருண்டு செடி குட்டையாக நின்றுவிட்டால் அதற்கு வைத்தியம் இல்லை. பிடுங்கி, கவரில் கட்டி, குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள். நாற்றுப் பருவத்தில் நெருக்கமான நைலான் வலைக்குள் வைப்பதும், செடி உயரத்தில் மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிடுவதும் உதவும்.

காய்ப்புழு: காயில் ஓட்டை போட்டு, தலையை உள்ளே விட்டு உடம்பின் பின்பகுதி வெளியே தெரியும்படி தின்னும். எட்டுப் பைக்கு இரண்டு கைகள் போதும், மாலையில் பார்த்துப் பொறுக்கிவிடுங்கள். பக்கத்தில் ஒரு துலுக்கச் சாமந்தி வைத்தால் தாய் அந்துப்பூச்சி அதில் முட்டையிடப் போகும்.

ஊசிப்புழு: இதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்தியாவில் 2014-இல்தான் முதலில் கண்டார்கள். இலைக்குள் சுரங்கம் போல வெளிறிய திட்டுகள் தெரிந்தால் அந்த இலையைக் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

மாவுப்பூச்சி: எறும்பு ஏறினால் அடுத்து இது வரும். எறும்பை முதலில் தடுத்து, பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

பொதுவாக, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து, வாரம் ஒருமுறை மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். லாரிச் சாலைத் தூசி நம் பக்கம் அதிகம். காலையில் இலையைக் கழுவிவிட்டால் தூசியும் போகும், பூச்சி முட்டையும் போகும்.

கடையில் கொடுக்கும் இரசாயன மருந்தை மாடிக்குக் கொண்டுவராதீர்கள். மோனோகுரோட்டோபாஸ் போன்றவற்றைக் காய்கறியில் அடிக்கச் சட்டமே தடை செய்திருக்கிறது. நம் மாடியில் வடாம் காய்கிறது, குழந்தைகளின் துணி காய்கிறது.

தீர்மானத்துக்கு ஒரு மாற்று

மாடி நம் எல்லோருக்கும் பொது. ஈரமான ஒரு பை 12 கிலோவுக்குக் குறையாது. ஐம்பது பை என்றால் 600 கிலோ. அதைவிட முக்கியம், உதிர்ந்த இலையும் நார்க்கழிவும் மழைநீர்க் குழாய் வாயை அடைத்தால் மாடி குளமாகும். கூரை ஒழுகுவதற்கு அது போதும். எனவே முழுத் தடைக்குப் பதில் ஐந்து விதிகளை முன்வைக்கிறேன்.

1. வீட்டுக்கு 6 பைகளுக்கு மேல் வேண்டாம். எங்கே வைப்பது என்பதைப் பொறியாளரைக் கேட்டுச் சங்கம் கோடு போட்டுக் காட்டட்டும்.

2. பை தரையில் உட்காரக் கூடாது. ஸ்டாண்டு மேல் இருக்க வேண்டும். அடியில் தரை காய வேண்டும்.

3. குழாய் வாய்க்கு மூன்றடிக்குள் எந்தப் பையும் கூடாது. வாயில் கம்பிவலை போட வேண்டும். செடி வைப்பவர்கள் முறை வைத்து வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். முதல் மாத முறை என்னுடையது.

4. பொது மாடியில் இரசாயன மருந்து கூடாது. வைரஸ் வந்த செடியை அன்றே அகற்ற வேண்டும். வெள்ளை ஈக்கு ஃபிளாட் நம்பர் தெரியாது.

5. புயல் எச்சரிக்கை வந்தால் குச்சி, வலை எல்லாவற்றையும் இறக்கி, பைகளைக் கைப்பிடிச் சுவரோரம் தரையோடு சேர்த்து வைக்க வேண்டும். மாடிப்படியில் வைத்து வழியை அடைக்கக் கூடாது.

ஒரு வருடம் இப்படி நடத்திப் பார்ப்போம். அடுத்த மழையில் இந்தப் பைகளால் மேல்தளத்தில் ஒரு சொட்டு ஒழுகினாலும், தடைத் தீர்மானத்துக்கு முதல் கையெழுத்து நான் போடுகிறேன். மேல்தளத்து வீட்டுக்காரர்கள்தான் இதற்கு நீதிபதிகள், அவர்களில் ஒருவர் மாடிக் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும்.

பி.கே.எம். விதை கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் கார்த்திகை பிறப்பதற்குள் சொல்லுங்கள். வரும்போது உங்கள் போர்வெல் குழாயில் அளந்த டி.டி.எஸ். எண்ணையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்துத்தான் எத்தனை விதை என்று சொல்வேன்.