பழைய சோறும் ஜப்பான் சூப்பும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் பாம்பன்காரன். இந்தக் கல்லூரியை விட்டுப் போனதும் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை. பொட்டலப் பரோட்டா, நாளைக்கு ஏழெட்டு டீ, நாலு மணி நேரத் தூக்கம். ஒருநாள் விடியற்காலை மீட்டரை மூன்று தடவை பார்த்தும் எண் மனசில் ஏறவில்லை. தவறான வால்வைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஓடிவந்து மூடியதால் யாருக்கும் அடிபடவில்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

பிறகு வேலை விஷயமாக ஆறு மாதம் ஜப்பானில் இருந்தேன். காலையில் சோறு, மீன், கடற்பாசி மிதக்கும் மிசோ சூப். மிசோ என்பது சோயாவைப் புளிக்க வைத்தது. அட, இது நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பியாச்சே என்று தோன்றியது! இரவு தண்ணீர் ஊற்றி வைக்கும் பழைய சோறும் புளித்ததுதானே? நம் கடலோரத்தில் ஒரு பாசிக்குப் பெயரே கஞ்சிப்பாசி. கீழக்கரை வீடுகளில் நோன்பு திறக்கச் செய்யும் கடல்பாசியும் ஜப்பானியரின் 'கான்டென்'னும் ஒரே பொருள். சின்னப்பாலத்துப் பெண்கள் மூழ்கிப் பறிக்கிற பாசியிலிருந்தும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? பச்சைத் தேயிலையிலுள்ள தியானைன் படபடப்பைக் கொஞ்சம் தணிக்கிறது என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. புளித்த உணவு, குடல், மூளை மூன்றுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து வருகிறார்கள். 2017இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் மனச்சோர்வு நோயாளிகள் 67 பேர். காய்கறி, பருப்பு, மீன் என்று உணவை மாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தேறினார்கள். மற்ற குழுவில் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். சிறிய ஆய்வு என்றாலும் நம்பிக்கை தருகிறது.

ஆனால் ஒன்று. மிசோவும் பாசியும் சாப்பிடுகிற அதே ஜப்பானில்தான் 'கரோஷி' என்ற சொல்லும் பிறந்தது. அளவுக்கு மீறி உழைத்தே சாவது என்று அர்த்தம். அதைத் தடுக்க 2014இல் சட்டமே போட்டார்கள். ஆக, சாப்பாடு துணைக்கு வரும்; தூக்கத்துக்கு ஈடாகாது.

ஊர் திரும்பியதும் இரவு ஷிப்டைக் கேட்டுக் குறைத்துக்கொண்டேன். காலையில் அம்மா தரும் நீராகாரம், சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு. எது என்னைத் தேற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தேறினேன், அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளே, பரீட்சைக்கு முதல்நாள் டீயை நம்பி விடியவிடிய விழிக்காதீர்கள். அம்மா வைத்த பழையதைக் கேவலமாக நினைக்காதீர்கள். மனசு தாங்கவில்லை என்றால் நண்பனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டாக்டரிடம் போக வெட்கப்படாதீர்கள். அன்று எனக்கு வால்வை மூட ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தார். எல்லா நாளும் ஒருவர் இருப்பார் என்று சொல்ல முடியாது.