கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

"ஆராய்ச்சி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி பேசுங்கள்" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். பெரிய கட்டளைதான். ஆனாலும் 1968-இல் இதே பள்ளியில் முதலாம் வகுப்பில் சேர்ந்தவள் நான். இந்தப் பள்ளி சொல்லி நான் தட்டியதில்லை.

ஆராய்ச்சி என்றதும் வெள்ளை அங்கி, கண்ணாடிக் குழாய், அதில் நீல நிறத்தில் புகை என்று சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1986-இல் நான் முதுகலைப் பட்டத்துக்காகச் செய்த ஆராய்ச்சியில் அதெல்லாம் கிடையாது. ஒரு சைக்கிள், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஓர் அளவுகோல், மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு நோட்டுப் புத்தகம். அவ்வளவுதான். நான் ஆராய்ந்த பொருள் தண்ணீர். இன்னும் சரியாகச் சொன்னால், நெல்வயலுக்குப் போகிற தண்ணீர் எங்கே போகிறது என்பது.

பாகான் செராயிலிருந்து தைப்பிங்கிற்கு ரயிலில் போனவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்! நல்லது. வழியில் ரயில் தண்ணீருக்கு நடுவே போகிற மாதிரி ஓர் இடம் வரும் அல்லவா? அதுதான் புக்கிட் மேரா ஏரி. 1906-இல் கட்டி முடித்த அணை. கிரியான் மாவட்டத்தில் 20,000 ஹெக்டருக்கு மேற்பட்ட நெல்வயல்கள் அந்த நீரை நம்பியிருக்கின்றன. வடக்கே கெடாவில் அதைவிடப் பெரிய முடா திட்டம். அதைக் கவனிக்கும் வாரியம் 1970-இல் அமைந்தது. முடா அணையில் சேரும் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குப் போகிறது. அங்கிருந்து ஆற்றிலும் கால்வாயிலும் நடந்து நடந்து வயலுக்கு வருகிறது. நடந்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், அணையைத் திறந்த தண்ணீர் தூரத்து வயலுக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும்.

இங்கேதான் சிக்கல். முடாவில் பயிர் குடிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் அணை கொடுப்பது அல்ல, வயலின் மேல் நேராகப் பெய்கிற மழை. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வள்ளுவர் வான்சிறப்பை வைத்ததில் எவ்வளவு கணக்கு இருக்கிறது பாருங்கள்! இன்றைக்கு அணையைத் திறக்கிறோம். நாளைக்கு வானம் கொட்டுகிறது. திறந்துவிட்டதில் பெரும்பகுதி கடலுக்குப் போகிறது. திறக்காமல் இருந்தால் மழையும் ஏமாற்றுகிறது. ஆகவே யாராவது ஒருவர் தினமும் அளந்து கொண்டே இருக்க வேண்டும். அந்த 'யாராவது' ஆக நான் போனேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே, ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு ஹெக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் எவ்வளவு? 10,000 லிட்டர்! நம் நாட்டு வெயிலில் நெல்வயல் ஒரு நாளில் ஏறக்குறைய 4 முதல் 6 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக விடுகிறது. அப்படியென்றால் ஹெக்டருக்கு 50,000 லிட்டர் அளவுக்கு ஒவ்வொரு நாளும் வானத்துக்குப் போகிறது. இதோடு மண்ணுக்குள் இறங்குவது, வரப்பில் கசிவது எல்லாம் சேர்த்தால், ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். மதியம் தட்டில் மிச்சம் வைக்கிறீர்களே, அந்த ஒரு பிடிச் சோற்றுக்குப் பின்னால் எத்தனை வாளி தண்ணீர் என்று வீட்டுக்குப் போய்க் கணக்குப் பண்ணிப் பாருங்கள்.

சரி, நான் என்ன செய்தேன்? கிரியானில் கால்வாய் ஓரமாக வரிசையாக இருந்த சில வயல்களை எடுத்துக்கொண்டேன். அங்கே ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. முதல் வயல் நிறைந்து இரண்டாவதுக்கு, இரண்டாவது நிறைந்து மூன்றாவதுக்கு என்று வயல் வழியாகத்தான் தண்ணீர் போகும். வயலில் இரண்டு தோங்குகளைப் புதைத்தேன். ஒன்றுக்கு அடிப்பாகம் உண்டு, மற்றதற்கு அடிப்பாகம் கிடையாது. இரண்டுக்குள்ளும் நெல் நட்டு, வயல் மட்டத்துக்குத் தண்ணீர் வைத்தேன். அடி உள்ள தோங்கில் குறைவது செடி குடித்ததும் வெயில் குடித்ததும். அடியில்லாத தோங்கில் அதற்கு மேல் குறைவது மண் குடித்தது. எவ்வளவு எளிதான வித்தை! ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து, தோங்குகளைப் பார்த்து, வயலில் நட்ட அளவுகோலைப் பார்த்து எழுதுவேன்.

மூன்றாவது வயலில் வந்தது வம்பு. அந்த வயல் ஓர் ஏக்கர். அடி உள்ள தோங்கில் 5 மில்லிமீட்டர் குறைந்தது. அடியில்லாததில் 7. ஆனால் வயலில் 22 மில்லிமீட்டர் குறைந்திருந்தது! மீதி 15 மில்லிமீட்டர் எங்கே? ஓர் ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 60,000 லிட்டர். ஒரே இரவில் காணவில்லை. நண்டு வளையாக இருக்குமோ என்று வரப்பு முழுவதும் குனிந்து தேடினேன். ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படியே ஆனது.

என் மனசு என்ன சொல்லியது தெரியுமா? "அந்த வயலை விட்டுடு. மத்த வயல் கணக்கெல்லாம் அழகா இருக்கு. இது ஒண்ணுதான் கெடுக்குது. அளவுகோல் சாய்ஞ்சிடுச்சுன்னு எழுதிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன், பென்சிலால் அந்தப் பக்கத்தில் ஒரு கோடு கூடப் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். என் அப்பா கால்வாய்க் கரையில் புல் வெட்டும் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரிடம் கேட்ட வார்த்தைகள் அப்பாவுக்கு அப்படியே இருந்தன. அவர் கேட்டார்: "அந்த வரிசையிலே கடைமடை யாரு?"

கடைமடை! கால்வாயின் தொடக்கத்தில் இருப்பது தலைமடை. கடைசியில் இருப்பது கடைமடை. நான் படித்த புத்தகங்களில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் இருந்தன. அப்பா இரண்டே சொல்லில் என் ஆராய்ச்சியைத் திருப்பிப் போட்டுவிட்டார். "தலைமடைக்காரனுக்குத் தண்ணி காலையிலே வரும். கடைமடைக்காரன் ராத்திரி முழிச்சிருந்தாத்தான் வரும். போய்ப் பாரு" என்றார்.

அப்பாவையே துணைக்கு அழைத்துக்கொண்டு இரவு போனேன். பதினொரு மணி இருக்கும். டார்ச் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். தவளைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அப்புறம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஒரு வயதான பாக் சிக், மூன்றாவது வயலின் பக்க வரப்பை ஒரு சாண் அகலம் வெட்டி, பக்கத்து வடிகாலில் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார். அந்த வடிகால் வரிசையின் கடைசியில் இருக்கும் அவர் வயலுக்குப் போகிறது. விடியும் முன்பு வரப்பை மண் வைத்து மெழுகிவிடுவார். அதனால்தான் காலையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

எங்களைப் பார்த்ததும் அவர் ஓடவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். மலாயில் சொன்னார், நான் தமிழில் சொல்கிறேன்: "நாக், உன் நோட்டிலே இது நஷ்டம். என் வயலிலே இது நாத்து." மறுநாள் பகலில் போய்ப் பார்த்தேன். அவர் வயலில் பாதி மண் வெடித்திருந்தது. தண்ணீர் பட்ட பாதி மட்டும் பச்சையாக நின்றது.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுதினால் அந்தக் கிழவருக்குத் தொல்லை வரலாம். எழுதாவிட்டால் என் ஆராய்ச்சி பொய். அந்த இரவில் எங்கள் தோட்டத்து லயம் நினைவுக்கு வந்தது. லயத்துக்கு ஒரே குழாய், அதுவும் முதல் வீட்டுப் பக்கம். எங்கள் வீடு கடைசி வீடு. அம்மா பால்மரம் வெட்டிவிட்டு வருவதற்குள் வரிசை நீண்டுவிடும். பல நாள் அம்மாவின் முறை வருமுன் குழாய் நின்றுவிடும். அப்போது அம்மா இருட்டில் எழுந்து வாளியோடு போவார். அதைத் திருட்டு என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா?

அவரிடமே போய்க் கேட்டேன். "எழுதட்டுமா?" அவர் சொன்ன பதிலை நாற்பது ஆண்டுகளாக நான் மறக்கவில்லை: "எழுது. ஆனா ஏன் வெட்டினேன்னும் சேர்த்து எழுது."

எழுதினேன். அவர் பெயரை எழுதவில்லை. பென்சில் கோட்டை அழித்தேன். கடைசி வயலிலும் ஓர் அளவுகோல் நட்டேன். அதன் பிறகுதான் என் கணக்கு உண்மையாகவே சரியானது. மேல் வயலில் 'வீண்' என்று நான் எழுதி வைத்த தண்ணீரில் ஒரு நல்ல பங்கு, கீழ் வயலில் பயிராக நின்றது. ஒரு வயலை மட்டும் பார்த்தால் நஷ்டம். முழு வரிசையையும் பார்த்தால் உபயோகம். பிற்காலத்தில் உலகம் முழுவதும் நீர்ப்பாசன அறிஞர்கள் இதைப் பெரிதாகப் பேசினார்கள். மேலே மிச்சம் பிடித்தோம் என்று மகிழும்போது, கீழே யாருடைய தண்ணீரை நிறுத்தினோம் என்றும் கேட்க வேண்டும் என்றார்கள். நான் அதைப் படித்தபோது அந்தப் பாக் சிக்கின் மண்வெட்டிச் சத்தம்தான் காதில் கேட்டது.

கணக்கை அந்த வரிசை விவசாயிகளிடமும் காட்டினேன். எண்களைப் பார்த்ததும் சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. வாரத்தில் இரண்டு இரவு, எல்லாருக்கும் தெரிந்தே, கடைமடைக்குத் தண்ணீர் விடுவது என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். நான் ஒன்றும் சாதிக்கவில்லை. எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்ததை அளந்து காட்டினேன். ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

இன்றைக்கு வழிகள் வளர்ந்திருக்கின்றன. ஓர் அடி நீளக் குழாயில் கீழ்ப்பகுதியில் ஓட்டை போட்டு வயலில் புதைக்கிறார்கள். தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கினாலும் பயிருக்குக் குறையில்லை. அதன் பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் காலத்தில் மட்டும் வயல் காயக் கூடாது. பிலிப்பீன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. இதனால் பாசன நீரில் 30 விழுக்காடு வரை மிச்சப்படுத்தலாம். வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் கணிசமாகக் குறைகிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை நாளைக்கு அந்தக் குழாயைப் பார்த்து எழுதப் போகலாம். அந்தப் பிள்ளைக்கு என் ஒரே வேண்டுகோள்: மிச்சம் எவ்வளவு என்று எழுதிவிட்டு நிறுத்தாதே. மிச்சம் பிடித்த தண்ணீர் கடைமடைக்குப் போனதா என்றும் பார்.

கடைசியாக ஒன்று. இன்று மேடைக்கு வந்து பரிசு வாங்கப் போகும் செல்வங்களே, உங்கள் உழைப்புக்கு என் பாராட்டுகள். உங்களுக்குத் தண்ணீர் நன்றாகப் பாய்ந்திருக்கிறது. நீங்களும் நன்றாக விளைந்திருக்கிறீர்கள். ஆனால் நான் இந்தப் பள்ளியில் ஆறு ஆண்டு படித்தும் ஒரு பரிசும் வாங்கியதில்லை. கடைசி பெஞ்சு. வாய்பாடு வராது. நான்காம் வகுப்பில் என் ஆசிரியை ஒருவர், பள்ளி விட்டதும் அரை மணி நேரம் எனக்காக உட்காருவார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அதற்குச் சம்பளமும் இல்லை. கடைமடைக்கு என்று அவர் திறந்துவிட்ட அந்த அரை மணி நேரத் தண்ணீரில்தான், மில்லிமீட்டரை லிட்டராக்கும் கணக்கு எனக்கு வந்தது.

ஆகவே பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, எத்தனை பேர் முதல் பரிசு வாங்கினார்கள் என்று கேட்பது தலைமடையை அளப்பது. அதையும் அளப்போம், தவறில்லை. ஆனால் கடைசி பெஞ்சிலும் ஓர் அளவுகோல் நடுவோம். அங்கே எண் குறைவாக இருந்தால் அதன் மேல் பென்சில் கோடு போடாமல், ஏன் என்றும் சேர்த்து எழுதுவோம்.