மறைத்த பெயரும் மறைக்காத முகமும்

திரைப்பட நடிகை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது இளமையும் அழகும்தான். வயது ஏறினால் வாய்ப்புப் போய்விடுமே என்று அஞ்சி, வயதை மறைப்பவர்களும் உண்டு. தம் முகத்தில் விழுந்த சுருக்கங்களை மறைக்காமலே உலகப் புகழ் பெற்ற ஒரு பிரெஞ்சு நடிகையைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அவர் பெயர் சிமோன் சின்யோரே.

சின்யோரே என்பது அவருடைய தந்தை வழிப் பெயர் அன்று. 1921-ஆம் ஆண்டு பிறந்தபோது அவர் சிமோன் காமின்கர். தந்தை யூதர். 1940-இல் ஜெர்மானியப் படை பிரான்ஸ் நாட்டைக் கைப்பற்றியது. ஹிட்லரின் ஆட்சியில் யூதர் என்றாலே உயிருக்கு ஆபத்து. தந்தை லண்டனுக்குத் தப்பிச் சென்றார். தாயையும் இரண்டு தம்பிகளையும் காக்கும் பொறுப்பு, பத்தொன்பது வயதுப் பெண்ணின் தோளில் விழுந்தது.

சிமோன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒரு பத்திரிகை அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை பார்த்தார். பிறகு திரைப்படத்துக்கு வந்தார். ஆனால் யூதரின் மகளுக்கு நடிப்பதற்கான அனுமதிச் சீட்டு எப்படிக் கிடைக்கும்? எனவே தாயின் குடும்பப் பெயரான சின்யோரே என்பதைச் சூடிக்கொண்டு, கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் சிறு சிறு வேடங்களில் நடித்தார். அந்தக் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

போர் முடிந்தது. 1952-இல் வெளிவந்த ‘காஸ்க் டோர்’ என்னும் படம் அவருக்குப் பெரும் புகழ் தந்தது. 1959-இல் ‘ரூம் அட் தி டாப்’ என்ற ஆங்கிலப் படத்தில், இளைஞன் ஒருவனால் கைவிடப்படும் நடுவயதுப் பெண்ணாக நடித்தார். அதற்காக 1960-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருது கிடைத்தது.

புகழ் வந்த பிறகும் அவர் வாய்மூடி இருக்கவில்லை. 1956-இல் சோவியத் படை ஹங்கேரி நாட்டில் புகுந்தது. அவ்வாண்டு இறுதியில் கணவர் இவ் மோந்தானுடன் மாஸ்கோ சென்ற சிமோன், சோவியத் தலைவர் குருசேவிடமே அதைப் பற்றி நேருக்கு நேர் கேட்டார். 1960-இல், அல்ஜீரியாவில் தம் சொந்த நாடு நடத்திய போரை எதிர்த்த அறிக்கையிலும் கையெழுத்திட்டார்.

1977-இல் ‘மதாம் ரோசா’ என்ற படம் வந்தது. யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பி, முதுமையில் பிறர் பிள்ளைகளை வளர்க்கும் ஏழை யூதப் பெண்ணின் கதை அது. பருத்த உடலும் தளர்ந்த நடையுமாக சிமோன் அவ்வேடத்தில் வாழ்ந்தார். பிரான்சின் உயர்ந்த திரைப்பட விருதான சீசர் அவரைத் தேடி வந்தது.

நேயர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். இளமையில் யூதப் பெயரை மறைத்து உயிர் பிழைத்தவர், முதுமையில் ஒரு யூதப் பெண்ணின் துயரத்தை உலகறியச் சொன்னார். 1985-இல் அறுபத்து நான்காம் வயதில் மறைந்தார். அவ்வாண்டு வெளியான அவருடைய நாவலும் பாரிஸில் குடியேறிய யூதக் குடும்பங்களைப் பற்றியதே.

குடும்பத்துக்காக உழைத்து உழைத்துச் சுருங்கிய முகங்கள் நம் இல்லங்களிலும் உண்டு. அவை வெட்கப்பட வேண்டிய முகங்கள் அல்ல. நாம் வணங்க வேண்டிய முகங்கள்.